புகையில்லாப் பூண்டு

மணிமேகலை உரித்த பூண்டை மூன்று தண்ணீரில் கழுவுவாள். முதல் தண்ணீர் மண்ணுக்கு. இரண்டாவது தோல் துணுக்குகளுக்கு. மூன்றாவது எதற்கென்று அவளிடம் வேலை பார்த்த ஆறு பெண்களுக்கும் விளங்கவில்லை.

"இன்னும் என்னத்தா இருக்கு இதுல? கோழிமுட்டை மாதிரி வெளேர்னு கெடக்கு," என்று புவனா கேட்பாள்.

"வாடை இருக்குக்கா."

"பூண்டுல பூண்டு வாடை வராம மல்லியப்பூ வாடையா வரும்? குளிப்பாட்டிட்ட, அப்படியே பவுடர் போட்டுப் பொட்டும் வெச்சு விட்டுரு."

ஆறு பேரும் சிரிப்பார்கள். மணிமேகலை சிரிக்க மாட்டாள். கழுவிய பற்களை மின்விசிறிக்குக் கீழே உலர்த்தி, காற்றை உறிஞ்சிய பாக்கெட்டில் அடைத்து, 'வெண்பல்' என்று லேபிள் ஒட்டுவாள். லேபிளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரி: புகை வாடை இல்லாத சுத்தமான மலைப்பூண்டு.

கொடைக்கானல் மலையில் அவளுடைய ஊரான மன்னவனூரில் பூண்டு எடுத்ததும் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே மூங்கில் பரணில் தொங்கவிடுவார்கள். விறகுப் புகை ஏற ஏறத் தோல் பழுத்து, கறுத்து, மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பூண்டில் ஏறும் புகை பாயிலும் ஏறும், கம்பளியிலும் ஏறும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் பாவாடையிலும் ஏறும். ஊருக்குள் இருக்கிறவரை அது யார் மூக்கிலும் படாது.

மணிமேகலையின் மூக்கில் அது பட்டது பதினோரு வயதில். கொடைக்கானலில் ஒரு கன்னியர் பள்ளியின் விடுதியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். விடுமுறை முடிந்து பையோடு வகுப்பில் நுழைந்த முதல் திங்கட்கிழமை, பக்கத்து அட்டுவம்பட்டியிலிருந்து வந்து படித்த பிரின்ஸி எழுந்து நின்று, "ஃபயர்! ஃபயர்! பெல்லை அடிங்கடி!" என்று கத்தினாள். வகுப்பு முழுக்க மேசையைத் தட்டிச் சிரித்தது. விடுதிச் சிஸ்டர் திட்டவில்லை. "பையை ரெண்டு நாளைக்கு வெளிக் கொடியில் தொங்கவிடும்மா," என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்று மாலை குழாயடியில் தன் பாவாடையை மூன்று தண்ணீரில் அலசினாள். அதற்குப் பிறகு இரண்டு மொழியில் நன்றாகப் பேசக் கற்றாள். இந்த ஒன்றைப் பற்றி இரண்டிலும் பேசியதில்லை.

படித்து முடித்து, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் வேலையை மூன்று வருடம் பார்த்தாள். அம்மாவின் நெஞ்சுதான் அவளை ஊருக்கு இழுத்தது. முருகம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "நாப்பது வருஷம் பீடி குடிச்சவங்களுக்கு இருக்கிற நுரையீரல் இது. அம்மா குடிச்சது அடுப்புப் புகை. இனிமே ஒரு நாள்கூடக் கூடாது," என்றார்.

மணிமேகலை மறு வாரமே, அம்மா அந்த மூச்சிரைப்போடும் கேரட் காட்டுக்குக் களையெடுக்கப் போயிருந்த ஒரு காலையில், கடப்பாரையால் அடுப்பை இடித்தாள். பரணைப் பிரித்தாள். சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தாள். கேஸ் அடுப்பு வந்தது. ஆறு மாதத்தில் முருகம்மாள் உட்காராமல் தண்ணீர் எடுத்து வந்தாள். ஊரே மகளைப் புகழ்ந்தது. பரண் இல்லாத வீட்டுப் பூண்டை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் வெண்பல்.

தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பயிற்சி நடந்தது. பாடம் எடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பொருளைச் செய்வதற்கு முன்னால் ஐம்பது பேரிடம் போய்க் கேளுங்கள். மணிமேகலை நோட்டுப் புத்தகத்தோடு கொடைக்கானல் ஏரிக்கரையில் இரண்டு நாள் நின்று கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

"மலைப்பூண்டுல கரியும் புகை நாத்தமும் இருக்குமில்லீங்களா, அது இல்லாம உரிச்சு, சுத்தமாக் குடுத்தா வாங்குவீங்களா?"

எனக்குக் கரியும் நாற்றமும்தான் வேண்டும் என்று எவர் சொல்வார்? கையில் மிளகாய் பஜ்ஜியோடு நின்றவர்கள், "வாங்குவோமே," "சூப்பர் ஐடியாங்க," என்று தலையாட்டிவிட்டுப் படகு டிக்கெட் வரிசைக்குப் போனார்கள். ஐம்பதில் நாற்பத்தெட்டு பேர் ஆமாம் என்றார்கள். மீதி இரண்டு பேர் வீட்டில் சமைப்பதில்லை. பயிற்சியின் கடைசி நாளில் அவள் அந்தக் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டியபோது எல்லோரையும் கைதட்டச் சொன்னார் ஆசிரியர்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த வாரம், கோயம்புத்தூருக்குப் போன ஐந்து பெட்டியில் நான்கு பார்சல் வண்டியில் திரும்பி வந்தன. அங்கே இயற்கைப் பொருள் கடைகள் எட்டுக்குக் கொள்முதல் பார்க்கிற லாவண்யா போனில் அழைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மணிமேகலை. கஸ்டமர்ஸ் எடுத்துப் பாக்கறாங்க, வெச்சிடறாங்க. ஒரு மேடம் இது சைனா பூண்டான்னு கேட்டாங்க."

"மலைப்பூண்டுன்னு லேபிள்லயே போட்டிருக்கே மேடம்."

"லேபிளை யாருங்க படிக்கறாங்க? மலைப்பூண்டுன்னா கறுப்பா, கொத்தா, வாசமா இருக்கணும். நீங்க பூண்டோட சேத்து மலையையும் கழுவி விட்டுட்டீங்க. பொங்கலுக்குள்ள வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா இதை நிறுத்திக்கலாம்."

அந்த எட்டுக் கடையை விட்டால் வெண்பல்லுக்கு மிச்சம் இருந்தது ஏரி ரோட்டில் இருந்த பிரின்ஸியின் கடை மட்டும். பள்ளிக்காலச் சிரிப்பெல்லாம் மறந்து போனதாக இருவரும் நடந்துகொள்வார்கள். சாக்லேட், தைல எண்ணெய், மிளகு, ஏலம் என்று எல்லாம் விற்கும் கடை. மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிப் போய் இறங்கியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கொக்கிகளில் வரிசையாகக் கரிபிடித்த பூண்டுக் கொத்துகள் தொங்கின. கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: மன்னவனூர் பாப்பம்மாள் வீட்டுக் கட்டு. அவளுடைய பாக்கெட்டுகள் உள்ளே, கீழ்த்தட்டில், காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தன.

"இது எப்ப இருந்து பிரின்ஸி?"

"சித்திரையில இருந்து. உங்க ஊருல விறகடுப்பு வெச்சிருக்கிற வீடு அத்தனையும் எனக்குத்தான் குடுக்குது. சீசன்ல ஒரு நாளைக்கு முப்பது கொத்து போகும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ எங்கடி கேட்ட? வர்ற, 'நல்லாப் போகுதா'ன்னு கேக்குற, நான் 'ம்'ங்கிறேன், நீ சந்தோஷமாப் போயிர்ற. மூஞ்சிக்கு நேரா போகலன்னு சொல்ல முடியுமா? ஃப்ரெண்டு வேற."

"ஆறு மாசமாப் பொய் சொல்லியிருக்க."

"பொய்யில்லடி, டீசென்ஸி." பிரின்ஸி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. வாயத் தொறக்காத. வர்றவங்களப் பாரு. அம்பது பேருகிட்ட கேட்டேன் கேட்டேன்னு பீத்திக்கிட்டியே, அஞ்சு பேரைப் பாத்தியா?"

மணிமேகலை உட்கார்ந்து பார்த்தாள். வேனிலிருந்து இறங்கிய ஒரு குடும்பத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் சாக்லேட் பக்கம் திரும்பாமல் நேரே கொக்கிக்கு வந்தாள். ஒரு கொத்தை இழுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். அப்படியே எங்க அம்மா அடுப்படி."

கணவர் முகர்ந்து இரண்டு தும்மல் போட்டார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான்கு கொத்து எடுத்தாள். விலை கேட்கவே இல்லை. பிரின்ஸி பையில் போட்டுக்கொண்டே, "எங்க மலையில கேஸெல்லாம் கெடையாதும்மா, இன்னும் விறகுதான்," என்றாள். அவள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு.

"நீயும் மலைக்காரப் பொண்ணாம்மா?" அந்த அம்மாள் மணிமேகலையிடம் கேட்டாள்.

"ஆமாங்க. மன்னவனூரு."

அம்மாள் குனிந்து அவள் சால்வைக்குப் பக்கத்தில் மூச்சை இழுத்தாள். முகம் சுருங்கியது. "உன்மேல ஒண்ணும் வரலையே."

"அவ அதையெல்லாம் கழுவிட்டாம்மா!" என்று பிரின்ஸி கல்லாவில் கையைத் தட்டிச் சிரித்தாள்.

மணிமேகலைக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் அவள் பயிற்சி பெற்றவள். நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் பூண்டைத் தொட்டவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தாறு பேர் முதலில் முகர்ந்தார்கள். முகர்ந்தவர்களில் மூன்று பேர்தான் வாங்காமல் போனார்கள். வெண்பல் பாக்கெட்டைக் கையில் எடுத்த ஒரே ஆள், "இது எங்க தெரு சூப்பர் மார்க்கெட்லயே கெடைக்குமே," என்று வைத்துவிட்டுப் போனார். அடுப்படிப் புகையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாத ஜனங்கள் அந்த அடுப்படியைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வருடமும் ஒரு கடப்பாரையும் செலவாகியிருந்தன.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே லாவண்யாவுக்குப் போன் போட்டு, புகையேற்றிய கொத்தாகவே தருவதாகச் சொன்னாள். லாவண்யாவின் குரல் துள்ளியது.

"இதைத்தாங்க நான் எதிர்பாத்தேன்! தை மாசத்துல இருந்து மாசம் முந்நூறு கொத்து. ஒரு சின்ன வீடியோவும் எடுத்திரலாம்."

"தோட்டத்துல ஒரு ஷெட் இருக்கு மேடம். அதுல புகை போட்டுக்கிடுறேன்."

"ஷெட் வேண்டாங்க, ஃபேக்டரி மாதிரி ஆயிரும். வீட்டு அடுப்பு, மேல பரண், கீழ ஒரு அம்மா சமைக்கறாங்க. கஸ்டமருக்கு அதுதான் வேணும். உங்க அம்மா இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"பர்ஃபெக்ட்."

பஸ் பூம்பாறை தாண்டும்வரை மணிமேகலை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அம்மாவுக்கு ஆகாது என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சிக்னல் இருந்த இடமெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் எட்டுக் கடையும் போகும், ஆறு பெண்கள் பழையபடி கேரட் கழுவப் போவார்கள், அவள் மறுபடியும் கோயம்புத்தூரில் யாரோ ஒருவருடைய புகாரைக் கேட்க வேண்டும். பிரின்ஸி கல்லாவில் கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்த முறை சரியாகக் கேட்டாள். பதிலைத் தானே எடுத்துக் கொடுக்காமல், நடுவில் குறுக்கிடாமல், பாடத்தில் சொன்ன மாதிரியே கேட்டாள்.

"ஏம்மா, கேஸ் வந்ததுக்கு அப்புறம் ஒனக்கு எப்பிடி இருக்கு?"

முருகம்மாள் கம்பளியை இழுத்து மூடினாள். "எப்பிடி இருக்கும்? குளிருது. இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும். களையெடுத்துட்டு வந்து பாக்கேன், என் அடுப்பு மண்ணாக் கெடக்கு. எங்காத்தா போட்ட அடுப்பு இல்ல, நான் போட்டது. செத்த வீடு மாதிரி இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலம்மா."

"இப்ப நீலமா ஒண்ணு எரியுதே, அதுல கைய நீட்டிக் குளிர் காய முடியுதா? எவளாவது வந்து முன்னால குத்தவெச்சு ரெண்டு வார்த்தை பேசுறாளா? வெந்நி சீக்கிரம் ஆகுது. ஆகி என்னத்துக்கு? எனக்கு என்ன ஆபீஸா?"

"மறுபடி அடுப்பு போட்டா என்ன செய்வ?"

முருகம்மாள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "போடுவியா?" என்றவள், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டாக்டரு வைய மாட்டாரு?"

"கதவத் தொறந்து வெச்சுக்கிடலாம்மா."

ஐப்பசி, கார்த்திகையில் மன்னவனூரில் எவரும் கதவைத் திறந்து வைப்பதில்லை. அது இருவருக்கும் தெரியும். மணிமேகலை நோட்டில் எழுதினாள்: அம்மா விறகடுப்பைத்தான் விரும்புகிறார். இதுவரை அவள் எடுத்த கணக்கெடுப்பிலேயே நேர்மையான பதில் அதுதான். அது தனக்கு எவ்வளவு வசதியான பதில் என்பதை அவள் எழுதவில்லை.

அடுப்பை முருகம்மாளே பிசைந்து போட்டாள். பரண் ஏறியது. வெள்ளையடித்த சுவர் பத்தே நாளில் தேன் நிறமாகி, பிறகு பழுத்தது. பாப்பம்மாளும் இன்னும் இரண்டு பேரும் வந்து குத்தவைத்துப் பேசினார்கள். முருகம்மாள் சிரித்தாள், சிரிப்பின் வால் இருமலாக நீண்டது. மூன்றாவது வாரம் தெருக்குழாய்க்குப் போவதை நிறுத்தினாள். புகையில் கண் எரிகிறது என்று மணிமேகலை பாக்கெட் போடும் அறைக்குத் தன் பாயை மாற்றிக்கொண்டாள். துணிமணியும் அங்கேதான்.

"ஒங்கம்மா இருமுறது ரோட்டுக்குக் கேக்குதுத்தா," என்றாள் புவனா. உரிக்கும் வேலை போய், இப்போது அவர்கள் கொத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க கேட்டுத்தான் அடுப்பு போட்டேன்க்கா."

"பச்சப்புள்ள கேட்டா நெருப்ப அள்ளிக் கையில குடுப்பியாக்கும்?"

"உங்க சோலியப் பாருங்கக்கா. இந்தக் கொத்து போனாத்தான் ஒங்களுக்கும் வேலை."

புவனா குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் வேடிக்கை பேசவில்லை.

மார்கழியில் லாவண்யா வந்தாள், செல்வமுருகன் என்ற கேமராக்காரனோடு. அடுப்படியில் தலையை நுழைத்தவள், "வாவ்!" என்று சொல்லி உடனே வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருகம்மாள் குளித்துத் தலைசீவி, மகள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். லாவண்யா மணிமேகலையைத் தனியே அழைத்தாள்.

"அம்மாவைப் பழைய சேலை கட்டச் சொல்லுங்களேன். இது ரொம்பப் புதுசா இருக்கு."

முருகம்மாள் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக்கொண்டு வந்தாள்.

செல்வமுருகன் கேமராவில் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "புகை தெரியவே இல்லீங்க. கேமராவுல சும்மா மங்கலா வருது. இன்னும் கொஞ்சம் வேணும்."

லாவண்யா மணிமேகலையைப் பார்த்தாள். முருகம்மாளும் பார்த்தாள். மணிமேகலை வெளியே போய், நேற்று வெட்டிய விறகில் ஈரம் சொட்டுகிற இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்பில் செருகினாள். கதவையும் சாத்தினாள். வெள்ளைப் புகை திரண்டு அம்மாவின் முகத்தைத் தடவிக்கொண்டு பரணுக்கு ஏறியது. கூரை ஓட்டை வழியே விழுந்த வெயில் அதில் கம்பி கம்பியாக நின்றது.

"இதுதான், இதுதான்!" செல்வமுருகன் முகமூடியைச் சரிசெய்துகொண்டு மண்டியிட்டான். "அம்மா, மேல பூண்டைப் பாத்துச் சிரிங்க. இருமாம ஒண்ணு. ஒண்ணே ஒண்ணும்மா."

முருகம்மாள் மூச்சை அடக்கிச் சிரித்தாள். நான்கு முறை எடுத்தார்கள். நான்காவது முடிந்ததும் அவள் தரையில் கையை ஊன்றிக் குனிந்தாள். இருமல் வரவில்லை, இருமுவதற்கான மூச்சு உள்ளே இல்லை. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆயிற்று.

"அம்மாவுக்கு ஏதாவது ப்ராப்ளமா?" லாவண்யா வாசலில் இருந்து கேட்டாள்.

"இல்ல மேடம். இந்தக் குளிருக்கு இப்படித்தான்."

அந்த ஒரு நிமிட வீடியோவை நான்கு நாளில் ஒன்றரை லட்சம் பேர் பார்த்தார்கள். 'என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது' என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். முந்நூறு கொத்து அறுநூறு ஆனது. புதிய லேபிளில் முருகம்மாளின் முகம். 'வாழ்த்துகள்டி, இப்பத்தான் உருப்பட்ட' என்று பிரின்ஸி செய்தி அனுப்பினாள். ஐந்தாம் நாள் காலையில் முருகம்மாளால் பாயைவிட்டு எழ முடியவில்லை. ஜீப் பிடித்துக் கொடைக்கானல் கொண்டுபோனார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டி மூன்று நாள் படுக்கவைத்தார்கள். அந்த மூன்று நாளில் லாவண்யா இரண்டு முறை அழைத்துவிட்டாள்: கஸ்டமர்கள் அம்மாவை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறார்கள், வெள்ளிக்கிழமை வரலாமா?

பழைய டாக்டர் மாறிப்போயிருந்தார். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பழைய சீட்டைப் புரட்டினாள். "விறகடுப்பை எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு. நல்லாத் தேறியிருக்காங்க. அப்புறம் ஏன் இப்படி விழுந்தாங்கன்னு புரியல. வீட்டுல இப்ப எந்த அடுப்பு?"

விறகு என்று சொன்னால் அந்த வீட்டுக்கே அம்மாவை அனுப்பமாட்டார்கள் என்பது மணிமேகலைக்குத் தெரியும்.

"கேஸ்தான் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள். "நிஜமாம்மா? புகை ஏதும் உண்டா?"

முருகம்மாள் மகளைப் பார்த்தாள். மெதுவாகக் கையைத் தூக்கி, மூக்கில் இருந்த ஆக்ஸிஜன் மூடியை விலக்கிக்கொண்டாள்.

"கேஸுதான் தாயி. ஒரு பொட்டுப் புகை கெடையாது."

"அப்ப இந்தக் குளிராத்தான் இருக்கும்." டாக்டரம்மா உறிஞ்சுகிற மருந்து ஒன்று எழுதினாள். "வீட்டை வெதுவெதுப்பா வெச்சுக்குங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மன்னவனூர் வண்டிக்காகக் காத்திருந்தபோது முருகம்மாள் கேட்டாள்:

"அடுப்ப யாரு பாக்குறா?"

"புவனாக்கா."

"அவளுக்குப் பச்ச வெறகு வெக்கத் தெரியாது, அணைச்சுப்புடுவா. வெள்ளிக்கெழம அவுக வந்திருவாகல்ல? ஜீப்பப் பிடி, வெரசாப் போவோம்."